குளிப்பாட்டியவள் கண்டது

மச்சான்,

ஸலாம். நலம் விசாரிக்க இன்று மனம் வரவில்லை.

வானகரத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். டிவியில் உங்களைப் பார்த்தேன். பள்ளிவாசல் முன்னால், ஜமாத் செயலாளராக நின்று, "பொண்டாட்டியக் கொன்ன மஸூதுக்கும் எங்க ஜமாத்துக்கும் சம்பந்தமே இல்லீங்க" என்றீர்கள். தேய்த்த சட்டை, நனைந்த கண்கள். சாப்பாட்டைப் பாதியில் நிறுத்தி, தட்டிலேயே கை கழுவிவிட்டேன்.

சம்பந்தம் இல்லையா? அவன் மனைவி தஸ்லீம் உதடு கிழிந்து கரையான்சாவடியிலிருந்து நம் வீட்டுக்கு ஓடிவந்த போதெல்லாம், "சபர் பண்ணிக்கோம்மா, பொறுத்துப் போ, வெளிய தெரிஞ்சா ஜமாத்துக்குத்தான் அசிங்கம்" என்று அவளைத் திரும்ப அவனிடமே கொண்டுபோய் விட்டது யார்? நான் கொடுத்த டீயைக்கூடக் குடித்து முடிக்க விடவில்லையே நீங்கள்.

அடக்கத்துக்கு முன் அவளைக் குளிப்பாட்டியவள் நான். கத்திக்குத்து ஊருக்கே தெரியும். முதுகில் இஸ்திரிப் பெட்டி வைத்துச் சுட்ட பழைய தழும்புகளை நான் பார்த்தேன். உங்களிடம் சொன்னபோது, "மய்யித்தக் குளிப்பாட்டினவ கண்டத வெளிய சொல்லக்கூடாது, மார்க்கம் தெரியாதா ஒனக்கு?" என்று சீறினீர்கள்.

தெரியும். இறந்தவளின் மானத்தை மறைக்க வந்த கட்டளை அது. அதில் போய் நீங்கள் ஒளிந்துகொள்கிறீர்களே, கூசவில்லையா?

நாளை போலீசிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். அவளைத் திருப்பி அனுப்பியது யார் என்பதையும்.

டிவிக்காரர்கள் மறுபடி வருவார்கள். எனக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிடுங்கள். பழகிய வாய்தானே.

உங்கள் பிள்ளைகளைப் பெற்றவள்