பின்பக்கமாகப் புறப்பட்ட கார்

அன்புள்ள நண்பரே,

“மாஸ்டர், ஒடஞ்சாலும் அழ வேண்டாத காரு எது?” என்று ஒரு நாள் கொட்டகலை ஸ்டேஷன் மேடையில் நின்று நீங்கள் என்னைக் கேட்டீர்கள். இன்று காலை பஜாரில் பெற்றோல் வாடை மூக்கில் ஏறியதும் அந்தக் கேள்விதான் முதலில் வந்தது. உங்கள் முகம் அதற்குப் பிறகுதான் வந்தது. யாரோ ஒருவர் டின்னிலிருந்து புனல் வைத்துத் தன் காருக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். கொஞ்சம் கீழே சிந்தி, மழைத் தண்ணீரில் நிறம் நிறமாகப் பரவியது. குடையைப் பிடித்தபடி அதையே பார்த்து நின்றேன். பென்ஷன் வாங்கிய பிறகு இப்படி நிற்பதற்கு நிறைய நேரம் இருக்கிறது. பக்கத்தில் நின்று பேசத்தான் ஆள் இல்லை.

கார் ஓட்டவே தெரியாத ஒரு கணக்கு வாத்தியாரிடம் ஏன் அதைக் கேட்டீர்கள் என்று அப்போதே விசாரித்தேன். “நீங்க மட்டுந்தான் சிரிக்காம கேக்குறீங்க” என்றீர்கள்.

மற்றவர்கள் சிரித்ததில் வியப்பில்லை. ஒவ்வொரு ஏப்ரலிலும் நுவரெலியாவில் தேயிலைத் தோட்டத்துத் துரைமார் மலைப்பாதையில் கார் ஓட்டிப் பந்தயம் வைப்பார்கள். ஒவ்வொரு காராகக் கீழிருந்து மேலே ஏற வேண்டும். எது குறைந்த நேரத்தில் ஏறுகிறதோ அது வென்றது. நாம் இருவரும் வருடம் தவறாமல் பஸ் ஏறிப் போய், வேலி ஓரம் நின்று, உங்கள் மனைவி கட்டிக்கொடுத்த ரொட்டியையும் தேங்காய்ச் சம்பலையும் தின்றுகொண்டு பார்ப்போம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கும் உங்களைப் போன்ற டிஸ்பென்சர் ஒருவர் அந்த வேலியைத் தாண்டி உள்ளே போய் ஓட்டுவதென்றால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும்.

ஆனால் அந்த வருடத்தை விட்டால் உங்களுக்கு வேறு வருடம் இல்லை. இலங்கைக் குடியுரிமை கேட்டு நீங்கள் போட்ட மனு தள்ளுபடியாகிவிட்டது. திருச்சியில் உங்கள் அண்ணன் வரச் சொல்லிவிட்டார். பந்தயம் முடிந்த அடுத்த மாதமே புறப்படுவதாக ஏற்பாடு. “பொறந்ததுலேருந்து வேலிக்கு இந்தப் பக்கமே நின்னுட்டேன் மாஸ்டர். ஒரு தடவ அந்த ரோட்டுல ஏறிட்டுப் போயிர்றேன்” என்றீர்கள். கையிருப்பைப் போட்டுப் பழைய கார் ஒன்று வாங்குவது, பந்தயம் ஓட்டுவது, பிறகு அதை விற்ற பணத்தோடு கப்பல் ஏறுவது. கார் பள்ளத்தில் விழுந்தால் அக்கரையில் நீங்கள் இறங்கும்போது கையில் ஒன்றும் இருக்காது.

அதனால்தான் உங்கள் கேள்வியை நான் திருத்தினேன். பணம் உள்ளவர்தான் உடைந்தாலும் அழாத காரைத் தேடலாம், உங்களுக்கு வேண்டியது உடையாத கார் என்றேன். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு ஆள் எடுப்பதை உதாரணம் சொன்னேன். முதல் சுற்றில் பறக்கிற பையனை நான் எடுப்பதில்லை. ஓடி முடித்ததும் யாருக்கு மூச்சு சீக்கிரம் அடங்குகிறதோ அவனைத்தான் எடுப்பேன். காரும் அப்படித்தான். ஏற்றம் ஏறி நின்றதும் ரேடியேட்டர் கொதிக்கிறதா, புகை நீலமாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். வேகத்துக்குக் கொடுக்கிற காசை பிரேக்குக்கும் டயருக்கும் கொடுக்க வேண்டும். நீங்கள் நாடி பிடிப்பதுபோல் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

மூன்று சனிக்கிழமைகள் அலைந்தோம். சீமைக்குத் திரும்பும் ஒரு துரையின் பெரிய கார் மலிவாகக் கிடைத்தது. ஆனால் அது நம் கொண்டைஊசி வளைவுகளில் திரும்ப ஒரு மைதானம் வேண்டும். அதற்கு டயர் கொழும்பிலும் கிடைக்காது. வட்டவளையில் கூரையில்லாத சிவப்புக் கார் ஒன்றைப் பார்த்ததும் உங்கள் கண் போன போக்கை நான் மறக்கவில்லை. அதன் கதவை மூடியபோது அடியிலிருந்து துரு கொட்டியது. உங்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

கடைசியில் ஹட்டனில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி, நானா ஒருவரின் சின்னக் கார். சாம்பல் நிறம். துணிக்கட்டுகள் ஏற்றி ஏற்றிப் பின்சீட்டு ஒரு பக்கம் அமுங்கியிருந்தது.

“பந்தயத்துக்கா?” என்று நானா உங்களை ஏற இறங்கப் பார்த்தார். “டிஸ்பென்சர் ஐயா, இது குதிர இல்ல. ஆனா ஒரு நாளும் என்னைய நடக்க விட்டதில்ல.”

கடைக்கு முன்னால் இறக்கத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்திருந்தார். கல்லை எடுத்ததும் கார் தானாக உருண்டது; கியரைப் போட்டார்; இன்ஜின் பிடித்துக்கொண்டது. நம் மலையில் எல்லாரும் அப்படித்தான் ஸ்டார்ட் செய்வார்கள். பேட்டரியும் மிச்சம், பெற்றோலும் மிச்சம். உங்கள் குவார்ட்டர்ஸ் வாசலும் இறக்கம்தான். வாங்கிய பிறகும் நீங்கள் அப்படியே ஓட்டினீர்கள். பிரேக்கைப் பிரித்துப் புதிதாக்கினோம். முன் டயர் இரண்டையும் மாற்றினோம். இன்ஜின் மூச்சை ஒவ்வோர் ஏற்றத்திலும் கேட்டோம். உட்கார்ந்தபடியே குமிழை இழுத்து இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் ஸ்டார்ட்டர் என்று ஒன்று இருப்பது இருவருக்கும் நினைவே வரவில்லை.

பாரம் குறைய வேண்டுமென்று பந்தயத்துக்கு முதல் நாள் பின்சீட்டு, ஜாக்கி, இன்ஜினைக் கையால் சுற்றும் இரும்புக் கம்பி எல்லாவற்றையும் கழற்றி வீட்டுக்குள் வைத்தீர்கள். உங்கள் மனைவி வாசலில் நின்று பார்த்தார்.

“சீட்டயும் எடுத்தாச்சு. நானும் மாஸ்டரும் என்னா, கூரையிலயா குந்திக்கிட்டு வாறது?”

“பஸ்ஸுல வாங்க” என்றீர்கள். வந்தோம்.

பந்தயத்தன்று பெயர்களைப் பதிந்துகொண்டிருந்த துரை உங்களை ஒரு முறையும் காரை ஒரு முறையும் பார்த்துவிட்டு எண்ணை எழுதிக் கொடுத்தார். ஏழெட்டுக் கார்களுக்குப் பின்னால் காத்திருந்தபோது, வழக்கம்போல் பெற்றோல் வீணாக்காமல் இன்ஜினை நிறுத்திவிட்டீர்கள். முன்னால் இருந்தவை ஒவ்வொன்றாக நகர்ந்தன. ஆனால் அது ஏற்றம்; பிரேக்கை விட்டால் உங்கள் கார் முன்னே போகாது. இரண்டு பேர் தள்ளிப் புறப்படும் கோட்டருகில் கொண்டுவந்து விட்டார்கள். எண்ணைக் கூப்பிட்டதும் நீங்கள் குமிழை இழுப்பது வேலியிலிருந்து எனக்குத் தெரிந்தது. டொக் என்று ஒரு சத்தம். மறுபடி இழுத்தீர்கள். அதே டொக்.

கொடி பிடித்திருந்தவர் காரை ஓரம் கட்டச் சொன்னார். உங்கள் மனைவி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். 

நீங்கள் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பின்னால் பார்த்தீர்கள். பின்னால் நின்ற காரை விலகச் சொல்லிக் கையை அசைத்தீர்கள். அதிலிருந்த துரை என்ன நினைத்தாரோ, விலகினார். பிரேக்கை விட்டீர்கள். கார் பின்பக்கமாக இறங்கத் தொடங்கியது. வேலி முழுக்கச் சிரித்தது. “டிஸ்பென்சரு இப்பவே ஊருக்குப் பொறப்பட்டுட்டாரு” என்று நம் தோட்டத்து ஆள் ஒருவர் சொன்னதும் என் காதில் விழுந்தது. நீங்கள் ரிவர்ஸ் கியரைப் போட்டதும் கார் ஒரு முறை குலுங்கி, இருமி, உயிர் பிடித்தது. திரும்பக் கோட்டுக்கு ஏறி வந்து நின்றீர்கள். கொடிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், கொடியை வீசினார்.

முதல் வளைவோடு நீங்கள் கண்ணில் மறைந்துவிட்டீர்கள். அதன் பிறகு எனக்குச் சத்தம் மட்டும்தான். கியர் இறங்கும் சத்தம், டயர் தேயும் சத்தம், ஓரிடத்தில் சத்தமே இல்லாமல் போய், மறுபடி மேலே எங்கோ கேட்டது. கடைசியில் மேலிருந்து ஒரு கைதட்டல் வந்தது. பெரிய கைதட்டல் இல்லை.

கடைசியிலிருந்து இரண்டாவது இடம். காரில் ஒரு கீறல் இல்லை. கீழே இறங்கி வந்ததும் நேரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. “ரெண்டாவது வளைவு தாண்டுனதும் ஒருத்தரும் இல்ல மாஸ்டர். ரோடும் நானுந்தான். நீ எந்த நாட்டுக்காரன்னு அங்க யாரு கேக்குறா?” என்றீர்கள். 

கார் நல்ல விலைக்கே போனது. அடுத்த மாதம் கொட்டகலை மேடையில் உங்கள் இருவரையும் ரயில் ஏற்றினேன். திருச்சியில் மருந்துக் கடை வேலை கிடைத்ததாக எழுதினீர்கள். தெருவில் உங்களை ‘சிலோன்காரர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்றும், கண்ணுக்கு எட்டிய தூரம் ஓர் ஏற்றமும் இல்லை என்றும் எழுதினீர்கள். போன வருடம், நீங்கள் போய்விட்டீர்கள் என்று உங்கள் மனைவி எழுதினார். அதன் பிறகு கடிதம் வரவில்லை. நானும் எந்த முகவரிக்கு எழுதுவது?

இந்த ஏப்ரலிலும் நுவரெலியாவுக்குப் பஸ்கள் நிறைந்து போயின. நான் போகவில்லை. வேலி ஓரத்தில் தனியாக நிற்பதைவிட அறையில் தனியாக இருப்பது பழகிவிட்டது. ஆனால் காற்று அந்தப் பக்கமிருந்து அடிக்கும் நாளில் ஒரு சின்ன இன்ஜின் வளைவுகளில் ஏறும் சத்தம் எனக்குள் கேட்கிறது. நடுவில் சத்தமில்லாமல் போகும் இடத்தில் இன்றும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

உங்களால் எனக்கு ஊரில் கார் தெரிந்தவன் என்று பெயர். பந்தயத்துக்கு ஆசைப்பட்டுப் பழைய கார் தேடுகிறவர்கள் இப்போதும் வந்து கேட்கிறார்கள். டயர், பிரேக், புகை எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் நம் இருவர் சார்பிலும் ஒன்று சொல்கிறேன். விற்பவர் காரை எங்கே நிறுத்தி வைத்திருந்தாலும், சமதரைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். இன்ஜின் நன்றாக ஆறும்வரை காத்திருங்கள். யாரையும் தள்ள விடாமல், நீங்களே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து பாருங்கள்.