ஒன்றையும் விடாமல்

மே 7, 2025. புதன்

பேக்கரியில் இன்று எனக்கு ஓய்வு நாள். ஓய்வாம்! காலையில் சுகன்யாதேவியோடு அவளுடைய மகனின் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பிறகு ஒரு வயதானவரைக் கண் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஹனோவரில் ஜெர்மன் சரியாக வராத தமிழர் யாருக்காவது அலுவலகத்திலோ ஆஸ்பத்திரியிலோ ஒரு டெர்மின், ஒரு சந்திப்பு, என்றால் முதலில் என் தொலைபேசிதான் அடிக்கும். காசு வாங்குவதில்லை. நான் அகதியாக வந்து இறங்கிய காலத்தில் முன்பின் தெரியாத ஓர் அக்கா என்னோடு அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். அவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ தெரியாது. அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாததை வருகிறவர்களுக்குக் கொடுக்கிறேன். அவ்வளவுதான்.

பின்னேரம் கோயில் தலைவர் கனகலிங்கம் அண்ணை தொலைபேசி எடுத்தார். "தங்கச்சி, இந்த முறை தேர் அண்டைக்கு உங்களுக்குத்தான் பொன்னாடை. சமூக சேவைக்கு." வேண்டாம் அண்ணை என்றேன். ஒரு தரம்தான் சொன்னேன். இரண்டாம் தரம் சொன்னால் உண்மையாகவே விட்டுவிடுவாரோ என்று பயம். இதை இங்கே மட்டும்தான் எழுதலாம்.

இவருக்கு, என் கணவருக்கு, ஒரே சிரிப்பு. "ஊருக்கெல்லாம் நீ வாய். வீட்டிலைதான் எனக்கு வாய் திறக்க வழியில்லை."

கோயிலில் அன்னதானம் சமைக்கிற கமலநாயகி அக்காவும் எடுத்தார். மார்பில் ஒரு கட்டி. போன கிழமை ஊசி குத்திச் சதை எடுத்திருக்கிறார்கள். முடிவு வருகிற புதன். "நீ வந்தியெண்டால் எனக்குப் பயமில்லை, தக்சா" என்றார். போகாமல் இருக்க முடியுமா?

மே 13. செவ்வாய்

அக்காவின் மகன் தாரகன் ஆஹென் நகரத்திலிருந்து எடுத்தான். அங்கே எஞ்சினியர். நாளைக்கு அவனால் வர ஏலாதாம். வேலை என்று தொடங்கினான், பிறகு குரல் இறங்கிவிட்டது. "வேலை இல்லை, அன்ரி. அம்மாவுக்குப் பக்கத்திலை இருந்து அதைக் கேக்க என்னாலை ஏலாது. அப்பாவுக்கும் இதுதானே வந்தது. கான்சர் எண்டாலும் அந்தச் சொல்லை அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ. அந்தச் சொல்லே அவவைச் சாக்காட்டிப்போடும்."

நோயாளிக்கு நோயின் பெயரைச் சொல்லாமல் விடுவது எங்கள் சனத்தின் வழக்கம். என் அப்பாவுக்கும் நாங்கள் சொல்லவில்லை. யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை.

பார்ப்பம், தம்பி என்றேன்.

மே 14. புதன்

எழுதவே மனமில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

டொக்டர் நல்ல மனுசி. அவசரப்படாமல் சொன்னார். ஆனால் கான்சருக்கு ஜெர்மனில் அக்காவுக்குத் தெரிந்த 'க்ரெப்ஸ்' என்ற அந்த ஒற்றைச் சொல்லை அவர் பாவிக்கவில்லை. நீளமான மருத்துவப் பெயராகவே சொல்லிக்கொண்டு போனார். வேகமாக வளர்கிற வகை. கக்கத்துக்கும் போயிருக்கலாம், வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். தள்ளிப்போடக் கூடாது. ஜூன் நான்காம் திகதி சத்திரசிகிச்சை.

சொல்லி முடித்து என்னைப் பார்த்தார். அக்காவும் என்னைப் பார்த்தார். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல.

"ஒரு கட்டிதானாம், அக்கா. வெட்டி எடுத்தால் சரியாம். பயப்பிட ஒண்டுமில்லையாம்."

டொக்டர் அவ்வளவு நேரம் சொன்னது என் வாயில் மூன்று வசனமாகிவிட்டது. அது அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் மொழிபெயர்த்தீர்களா என்று கேட்டார்.

ஓம், எல்லாம் என்றேன்.

டொக்டர் காட்டிய இடத்தில் அக்கா சத்திரசிகிச்சைக்குச் சம்மதித்துக் கையெழுத்து வைத்தார். ட்ராமில் வரும்போது என் கையைத் தட்டி, "நீ செய்யிற புண்ணியம் உன்ர பிள்ளையைக் காக்கும்" என்றார்.

நல்லதுதானே செய்தேன்? முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் அவருக்கு. எப்படியும் நான்காம் திகதி வெட்டத்தானே போகிறார்கள். பெயர் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன?

மே 16. வெள்ளி

அக்கா பயத்தம் பணியாரம் சுட்டுக் கொண்டுவந்து தந்தார். இவர்தான் தின்று முடித்தார்.

மே 26. திங்கள்

பேக்கரியில் நிற்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி. என் இலக்கத்தைத்தான் கொடுத்திருந்தோம். அக்கா நான்காம் திகதி டெர்மினை வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம், காரணம் சரியாக விளங்கவில்லையாம்.

வேலை முடிந்த கையோடு அக்காவின் வீட்டுக்கு ஓடினேன். கதவைத் திறக்கும்போதே அவருக்குப் பெருமை, கோயில் திருவிழா, வரமாட்டேன் என்று தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொல்லிவிட்டாராம். "நானே எடுத்துச் சொன்னனான்! 'இஷ் நிஷ்ட் கொம்மன், டெம்பல் ஃபெஸ்ட்' எண்டு. உன்னை ஏன் எல்லாத்துக்கும் கரைச்சல் படுத்துவான்?"

தேர் பதினான்காம் திகதி. அன்னதானத்துக்கு அக்காதான் பெரிய சமையல். புருசன் செத்த வருடத்திலிருந்து அவருடைய பெயரில் சனத்துக்குச் சோறு போடுகிறார், ஒரு முறைகூடத் தவறவிட்டதில்லை.

"வெட்டினால் ஒரு மாசம் கை தூக்க ஏலாதாம். பிறகு ஆர் கறி கிண்டுறது? சின்னக் கட்டிதானே, தக்சா. நீதானே சொன்னனீ. தேர் முடியட்டும்."

நான்தானே சொன்னேன்.

தள்ளிப்போட வேண்டாம் அக்கா என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஏன் என்று கேட்டார். அந்த ஏனுக்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

மே 27. செவ்வாய்

தாரகனை எடுத்து நடந்ததைச் சொன்னேன். அவன் சொன்னது: "கோயில் முடியட்டும், அன்ரி. நான் வந்து பக்குவமாச் சொல்லுறன்." எப்ப வருவாய் என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறானாம்.

இவரிடம் கேட்டால், "மகனே பேசாமல் இருக்கிறான். உனக்கேன்?" என்கிறார். நியாயம்தான். ஆனால் அந்த அறையில் வாய் திறந்தது மகனில்லையே. நான்.

மே 29. வியாழன்

இங்கே இன்று விடுமுறை. மகள் கம்சனா வீட்டில் நின்றாள். தாதிப் படிப்பு மூன்றாம் வருடம், ஆஸ்பத்திரியில் தினமும் இதையே பார்க்கிறவள். வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியாமல் அவளிடம் சொல்லிவிட்டேன்.

கேட்டுக்கொண்டிருந்தவள் கோப்பையைத் தள்ளி வைத்தாள். "அம்மா, அவ என்னத்துக்குக் கையெழுத்து வச்சவ எண்டு அவவுக்கே தெரியாது. வெட்டுறதோ, தள்ளிப்போடுறதோ, சமைக்கிறதோ, அதை அவதான் யோசிக்கவேணும். நீங்கள் அதைப் பறிச்சிட்டீங்கள்."

எனக்கு வந்ததே ஒரு கோபம்! நீ பிறக்க முன்னம் இருந்து நான் சனத்துக்கு ஓடுறன், இரக்கமெண்டால் என்னெண்டு நீ எனக்குச் சொல்லித்தர வாறியோ, உன்ர ஜெர்மன் புத்தகத்தை உன்னோடை வச்சுக்கொள் — கத்தினேன். எனக்கே காது அடைத்தது.

அவள் கத்தவில்லை. "இரக்கம் இல்லை எண்டு நான் சொல்லேல்லை, அம்மா" என்றாள். அதுதான் இன்னும் குத்துகிறது.

ஜூன் 1. ஞாயிறு

சொல்லிவிடுவது என்று போனேன். அக்கா வீட்டில் மூன்று பெண்கள், தேருக்கு மிளகாய்த்தூள் இடித்துச் சலித்துக்கொண்டு இருந்தார்கள். என்னைக் கண்டதும் "பொன்னாடைக்காரி வாறா" என்று பகிடி. நானும் இருந்து சலித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்த கதைதான் இது. மறைத்தவள் நான், அந்தச் சோற்றைத் தின்கிறவர் அக்கா.

ஜூன் 4. புதன்

தள்ளிப்போடாவிட்டால் இன்றைக்கு வெட்டியிருப்பார்கள்.

ஜூன் 14. சனி. தேர்

பச்சைக் காஞ்சிபுரம்தான் உடுத்தேன். மறைப்பானேன், பொன்னாடைக்குப் பொருந்துமென்று பார்த்து எடுத்த சேலை.

தேர் சுற்றி முடித்து இருப்புக்கு வந்த பிறகு கோயிலுக்குப் பின்னால் சமையல் கொட்டகைக்குப் போனேன். அக்காவுக்கு ஒரு சொல் சொல்லிவிட்டு மண்டபத்துக்குப் போகலாம் என்று. பெரிய கிடாரத்தில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா கிண்டிக்கொண்டு நின்றார். வலது கையால் இரண்டு சுற்று. பிறகு அகப்பையை இடது கைக்கு மாற்றினார். வலது கையை உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, இடது கையால் கிண்டினார். யாரும் கவனிக்கவில்லை.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. பக்குவம் கிக்குவம் ஒன்றும் இல்லை. பக்கத்தில் போய் நின்று சொன்னேன்.

"அக்கா, அது சின்னக் கட்டி இல்லை. கான்சர். டொக்டர் அண்டைக்கே சொன்னவ. கெதியா வெட்டவேணும் எண்டவ. நான் உங்களுக்குச் சொல்லேல்லை."

அகப்பை நின்றது.

"தாரகனுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"சிவகுருநாதனுக்கு?"

இவருக்கும் தெரியும் என்றேன். கம்சனாவுக்கும் தெரியும்.

"அப்ப என்ர உடம்பிலை என்ன இருக்குதெண்டு எனக்கு மட்டும்தான் தெரியாது." குரலை உயர்த்தவில்லை. "எனக்கு ஜெர்மன் தெரியாது எண்டுதான் உன்னைக் கூப்பிட்டனான், தக்சா. எனக்குப் பயத்தைத் தாங்கத் தெரியாது எண்டு கூப்பிடேல்லை."

மண்டபத்தில் ஒலிபெருக்கி என் பெயரைச் சொன்னது. சமூக சேவகி திருமதி தக்சாயினி சிவகுருநாதன் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம். மறுபடியும் சொன்னது.

அக்கா பருப்பைக் கிண்டத் தொடங்கினார். "போ. அடிப்பிடிக்கப் போகுது. உன்னைக் கூப்பிடுறாங்கள், போ."

நான் மேடைக்குப் போகவில்லை. கார் நிறுத்துமிடத்தில் நின்றேன். கடைசிப் பந்தி வரைக்கும் அக்கா அங்கேதான் நின்று பரிமாறுவித்தார் என்று இவர் பிறகு சொன்னார். எனக்குப் பதிலாக இவருக்குத்தான் போர்த்திவிட்டார்கள். பொன்னாடையோடு கார்வரைக்கும் வந்து நின்றார். வேறு நாளென்றால் சிரித்தே செத்திருப்பேன்.

ஜூன் 16. திங்கள்

அக்கா எடுத்தார் — எனக்கில்லை, கம்சனாவுக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூட வரச்சொல்லிக் கேட்டாராம். கம்சனா சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "உங்களைக் கூட்டிக்கொண்டு வரவேண்டாமாம்."

சரி என்றேன். குசினிக்குள் போய் வெங்காயம் உரித்தேன். அழுவதற்கு அது நல்ல சாட்டு.

ஜூன் 26. வியாழன்

இன்று அக்காவுக்கு வெட்டினார்கள். சூப் வைத்துக் கம்சனாவிடம் கொடுத்துவிட்டேன். யார் வைத்தது என்று சொல்லாதே என்றேன். "கேட்டால் சொல்லுவன்" என்றாள். அவள் அப்படித்தான்.

தாரகன் வந்து நின்றானாம். வாசலிலேயே நின்றானாம், பாவம்.

ஜூலை 2. புதன்

யாருக்கும் போவதில்லை என்று இருந்தேன். சுகன்யாதேவி விடவில்லை. மகனுடைய ரீச்சர் கூப்பிட்டிருக்கிறார். ஒன்றையும் விடாமல் சொன்னேன்: பிள்ளை வாசிப்பில் வகுப்பைவிட மிகவும் பின்தங்கி இருக்கிறான், இந்த வகுப்பையே திருப்பிப் படிப்பது நல்லது. சுகன்யாதேவி அந்தக் கதிரையிலேயே இருந்து அழுதாள். வெளியே வந்தும் என்னோடு பேசவில்லை. முந்தியென்றால் "கொஞ்சம் கவனிச்சால் சரியாம்" என்று முடித்திருப்பேன், அவள் எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்திருப்பாள்.

இதுதான் உதவியா? எனக்குத் தெரியவில்லை. வாங்குகிறவர் முகம் மலர்ந்தால்தான் கொடுத்ததாக நினைத்துப் பழகிவிட்டேன்.

ஜூலை 21. திங்கள்

கமலநாயகி அக்கா எடுத்தார். சுகம் கேட்கவில்லை, நானும் கேட்கத் துணியவில்லை.

"வெட்டினதின்ர முடிவைப் புதன்கிழமை சொல்லுவினமாம். கம்சனாவுக்குப் பரீட்சை. நீ வா. ஒண்டையும் விடக்கூடாது."

"ஓம், அக்கா."

வைத்துவிட்டார்.

ஜூலை 23. புதன்

அதே அறை, அதே டொக்டர். என்னைக் கண்டதும் அவருடைய முகத்தில் ஒரு யோசனை ஓடியது. தெரியாததுபோல இருந்தேன்.

ஒவ்வொரு வசனமாக நிறுத்தச் சொல்லிக் கேட்டுச் சொன்னேன். கட்டியை முழுதாக எடுத்தாயிற்று. கக்கத்தில் எடுத்த நிணநீர் முடிச்சுகளிலும் கான்சர் இருக்கிறது. கீமோ வேண்டும், தலைமயிர் கொட்டும். முன்னமே வெட்டியிருந்தால் கக்கத்துக்குப் போயிராதோ என்று அக்கா கேட்டார். அதையும் ஜெர்மனில் கேட்டேன். என் நாக்கால் நானே கேட்டேன். அப்படி நிச்சயமாகச் சொல்ல முடியாது, போயிருக்காது என்றும் சொல்ல முடியாது என்றார் டொக்டர். அதையும் அப்படியே சொன்னேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை.

முடிவில் டொக்டர் என்னிடம் கேட்டார்: எல்லாவற்றையும் மொழிபெயர்த்தீர்களா? அந்தக் கேள்வியையும் தமிழில் அக்காவுக்குச் சொன்னேன்.

"யா," என்றார் அக்கா டொக்டரிடம். "அல்லஸ்." ஓம், எல்லாம்.

வெளியே வந்து வாங்கில் இருந்தோம். அக்காவின் தொலைபேசி அடித்தது. தாரகன். அக்கா அதைப் பார்த்துவிட்டு என் மடியில் வைத்தார்.

"நீ கதை. சின்ன விசயம்தானாம், மருந்து ஏத்தினால் சரியாம் எண்டு சொல்லு. பிள்ளை பயந்திடுவான்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் எதிரே இருந்த கோப்பி மெசினைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொலைபேசி விடாமல் அடித்தது. எடுத்தேன்.

"அன்ரி, என்னவாம்?"

"அம்மா பக்கத்திலைதான் இருக்கிறா, தம்பி. அவ சொல்லுவா."

அக்காவின் கைக்குள் வைத்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தார், தேரன்று கொட்டகையில் நான் உண்மையைச் சொன்னபோது பார்த்த அதே பார்வை. பிறகு தொலைபேசியை இடது காதில் வைத்தார்.

"தாரகன்," என்றார். "சாப்பிட்டியோ? … சரி. எங்கையாவது இருந்துகொண்டு கேள்."

டொக்டர் சொன்ன ஒழுங்கிலேயே சொன்னார். கக்கத்தையும் சொன்னார், தலைமயிரையும் சொன்னார். மற்றப் பக்கம் அவன் அழுவது எனக்குக் கேட்டது. நான் அக்காவின் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் இருந்தேன்.