இடது கை கீழே

செப்டம்பர் 12, வெள்ளி

லியோனிலிருந்து ரயில். இரண்டு நாள் ஆடி, மறுபடியும் வெளியே. தொடர்ந்து நான்காவது போட்டி. தேறியவர்கள் ஞாயிறு வரை ஆடுவார்கள். நான் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டு வீட்டுக்குப் போகிறேன்.

இருபத்துமூன்று வயது. தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரி. இரண்டு பட்டம், இரண்டும் போன வருடம் என் பழைய பிடிப்பில் வென்றவை. ஜனவரியில் வாசேரின் பயிற்சி அணியில் சேர்ந்தேன். முதல் நாளே என் கைகளைப் பார்த்து முகம் சுளித்தார். ஊரெல்லாம் மட்டையை இடது கை மேலே, வலது கை கீழே வைத்துப் பிடிக்கிறது. எனக்குத் தலைகீழ்.

"இது கோல்ஃபா, குழி வெட்டுறதா?" என்றார். அணியே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன். மாற்றிக்கொண்டேன்.

ஒன்பது மாதமாகிறது. இன்னும் வேறு யாருடைய கையையோ கடன் வாங்கி ஆடுகிற மாதிரிதான் இருக்கிறது.

செப்டம்பர் 13, சனி

காலையில் அலை வற்றியதும் எங்கள் சிப்பிப் பண்ணையில் அப்பாவோடு சிப்பிப் பைகளைப் புரட்டப் போனேன். திரும்பி வந்து கொட்டகை வாசலில் கிடந்த வெறும் சிப்பி ஓட்டுக் குவியலை வாரித் தள்ளுவண்டியில் போட்டேன். பாதியில்தான் கவனித்தேன். மண்வாரியில் என் வலது கை மேலே, இடது கை கீழே. பத்து வயதிலிருந்து இப்படித்தான் வாருகிறேன். கோல்ஃப் மட்டை கைக்கு வந்தபோதும் இப்படித்தான் பிடித்தேன், சொல்லிக்கொடுக்க யார் இருந்தார்கள்?

குழி வெட்டுவதாம். ஆமாம், வெட்டுகிறேன். அதற்கென்ன?

செப்டம்பர் 15, திங்கள்

வாசேருக்குப் போன் செய்தேன். பழைய பிடிப்புக்குத் திரும்புகிறேன் என்றேன்.

"அப்படின்னா அணியில இடமில்ல. மைதானம், வைத்தியர், டிக்கெட் எதுவும் கிடையாது. யோசிச்சுக்க."

"யோசிச்சுட்டேன்."

"அந்தக் கையை வச்சுக்கிட்டு உருப்பட மாட்ட."

"கை எங்க இருக்குன்னு பாக்காதீங்க முசியே. பந்து எங்க போகுதுன்னு பாருங்க!"

வைத்துவிட்டார். அம்மா சிப்பிகளை அளவு பார்த்துப் பெட்டிகளில் பிரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "பெரியவங்ககிட்ட பேசுற பேச்சா இது? கழுதை" என்றாள்.

செப்டம்பர் 16

முந்நூறு பந்து. ஆஹா.

அக்டோபர் 12, ஞாயிறு

பியாரிட்ஸில் சின்னப் போட்டி. ஐந்தாம் இடம். பையை நானே சுமந்தேன். தோள் வீங்கியிருக்கிறது. சந்தோஷமாக இருக்கிறேன்.

நவம்பர் 4, செவ்வாய்

அப்பா படகிலிருந்து வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ஆறு வாரம் கட்டு, அதற்குமேலும் பாரம் தூக்கக்கூடாதாம். டிசம்பர் 16 முதல் 20 வரை மராகேஷில் இறுதித் தகுதிச் சுற்று. முதல் இருபது பேருக்கு மட்டும் அடுத்த வருடம் ஐரோப்பியப் போட்டிகளில் ஆடும் உரிமை.

சமையலறையில் சண்டை.

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடி சிப்பி விக்கிற பத்து நாள்லதான் நம்ம பொழப்பே இருக்கு, மைலிஸ். அப்பா கை இப்படி. நீ பந்து அடிக்கப் போறியா?"

"இருபத்தொண்ணாம் தேதி வந்துடுவேன்மா."

"மூணு வருஷமா இதைத்தான் கேக்குறேன். சரி, போ. இந்தத் தடவை அந்த இருபதுல நீ இல்லேன்னா, மட்டையைப் பரண்ல போட்டுட்டு பூட்ஸை மாட்டிக்கிட்டு பண்ணைக்கு வந்துடற. சம்மதமா?"

கோபத்தில் சம்மதம் என்றேன். அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்ன பைத்தியமா, ஏன் அப்படிச் சொன்னேன்? ஆனால் சொன்ன வாயைத் தைத்துக்கொள்ளவா முடியும். இருபதுக்குள் வருவேன். அவ்வளவுதான்.

டிசம்பர் 16, செவ்வாய், மராகேஷ்

76. குறைவாக அடித்தவள்தான் மேலே வருவாள், எழுதவே கூசுகிறது. காற்று இல்லை, சாக்கும் இல்லை. வாசேர் தன் அணிப் பெண்களோடு வந்திருக்கிறார். பயிற்சித் தரையில் என் கைகளைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார்.

டிசம்பர் 17

71. "இன்னும் நேரம் இருக்கு, மாத்திக்கறியா?" என்று வாசேர் கேட்டார். "சிப்பி வேணும்னா சொல்லுங்க, அனுப்பி வைக்கிறேன்" என்றேன்.

டிசம்பர் 18

68!

டிசம்பர் 19

70. இருபத்துமூன்றாவது இடம். வீட்டிலிருந்து ஒரு செய்திகூட இல்லை. கேட்க மாட்டேன்.

டிசம்பர் 20, சனி

கடைசிக் குழி. தண்ணீரைத் தாண்டி அடிக்க வேண்டும். வேலியோரத்தில் வாசேர். ஒரு நொடி, ஒரே நொடி, கைகளை மாற்றிப் பிடித்தேன், அவர் சொல்லிக்கொடுத்தபடி. எல்லோரையும் போலப் பிடித்துத் தோற்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள் அல்லவா?

சீ. தோற்றால் என் கையோடு தோற்கிறேன். இறக்கி, மறுபடி பிடித்தேன். இடது கை கீழே. பந்து கொடியிலிருந்து நாலடியில் விழுந்தது. உள்ளே தட்டினேன். 69.

இப்போது பத்தொன்பதாவது. இன்னும் ஆறு பேர் ஆடி முடிக்க வேண்டும். ஆரஞ்சுப் பழம் உரிக்கிறேன், தின்ன முடியவில்லை.

இருபதாவது. இன்னும் இரண்டு பேர்.

டிசம்பர் 23, செவ்வாய், வீடு

நேரமே இல்லை. மூன்று நாளும் பெட்டி, பெட்டி, பெட்டி. ஞாயிறு நான் வந்து இறங்கியபோது அம்மா கிண்ணம் நிறைய சூப் ஊற்றி வைத்தாள்.

அப்பாதான் இன்று காதோடு சொன்னார். "சனிக்கிழமை உன் இடம் என்னன்னு பாக்க உங்கம்மா போனைப் பெட்டி மேல சாத்தி வச்சுட்டே வேலை பாத்தா. ஈரக் கையால தடவித் தடவி ஒண்ணும் தெரியல. பொடிச் சிப்பியெல்லாம் பெருசுங்க பெட்டிக்குப் போயிடுச்சு. முப்பது வருஷத்துல முதல் தடவை. அஞ்சு பெட்டியைத் திரும்பக் கொட்டிப் பிரிச்சோம்."

டிசம்பர் 24, புதன்

சந்தைக் கடையில் நல்ல கூட்டம். நான் பின்னால் சிப்பி திறந்துகொண்டிருந்தேன். கோல்ஃப் சங்கத்து ஆள் ஒருவர், நல்ல கோட்டு போட்டவர், அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தார்.

"உங்க பொண்ணு மட்டையைத் தலைகீழா பிடிக்குறாளாமே. அது சரிவராதுன்னு அவளோட பயிற்சியாளரே சொன்னாராம்."

"எத்தனை டஜன் வேணும் முசியே?"

"மூணு. இல்ல மதாம், ஒரு பேச்சுக்குச் சொன்னேன்..."

அம்மா பெட்டியை அவர் கையில் திணித்தாள். "பிப்ரவரியிலேருந்து ஐரோப்பா பூரா ஆடப் போறா. கை எங்க இருக்குன்னு பாக்காதீங்க. பந்து எங்க போகுதுன்னு பாருங்க. அடுத்து யாரு?"

என் கத்தி நின்றுவிட்டது. அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"என்னடி மசமசன்னு நிக்கற? சிப்பி ஓடு முழங்கால் உயரம் குமிஞ்சு கெடக்கு. வாரு."

மண்வாரியை எடுத்து வாரினேன். அடுத்த ஆளுக்குச் சிப்பி கட்டிக்கொண்டே அம்மா என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.