ஆறாவது தட்டு

இன்று காலை ஒத்திகைக்குக் கிளம்பும்போது சாப்பாட்டுத் தூக்குப்போசியின் மூடி கை தவறித் தரையில் விழுந்தது. இரண்டு முறை தட்டி அடங்கியது. சமையலறையில் அப்படியே நின்றுவிட்டேன். நீ அனுப்பிய பதிவில் கேட்கும் அதே சத்தம்.

நம் நாடகத்தில் வரும் மாமியாரின் கேள்வியை நீ பாடி, மருமகளான என் பதிலுக்கு இடம் விட்டு, செல்போனில் பதிந்து அனுப்பினாயே, அது. இடைவெளி முழுக்கப் போசி மூடியில் தாளம் தட்டியிருப்பாய். நடுவில் உன் வீட்டுக் குக்கர் வேறு விசில் அடிக்கும். நாலாவது தட்டில் நான் பாட்டை எடுக்க வேண்டும். எனக்கோ வாய் திறப்பதற்குள் ஆறு ஆகிவிடும். "உனக்கு ஆறு தட்டு உட்டிருக்கறேன் கண்ணு. பழகுனதுக்கப்பறம் ரெண்டக் கொறச்சுக்கலாம்" என்றாய். கடைசிவரை நீ குறைக்கவே இல்லை.

நாற்பதைத் தாண்டிப் பாட்டு நாடகக் குழுவில் சேர்ந்தவர்கள் நாம். ஞாயிறுதோறும் சூலூரிலிருந்து கோவைக்குப் பஸ்ஸில் போகும்போதே சண்டைப் பாட்டை வசனமாகப் பேசிப் பார்ப்போம். ஒருநாள் முன்சீட்டுக்காரர் பொறுக்க முடியாமல் திரும்பி, "ஏனுங்க அம்மணி, பெரியவங்ககிட்ட இத்தன பேச்சுப் பேசலாமுங்களா?" என்று என்னைக் கேட்டார். என்னைவிட இரண்டே வயது மூத்த உனக்கு வந்த கோபம் இருக்கிறதே! இறங்கும்வரை என்னிடம்கூடப் பேசவில்லை.

மேடையில் அந்த இரண்டு தட்டையும் நீதான் சமாளித்தாய். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னை ஒரு முறை முறைப்பாய். கூட்டம் சிரிக்கும், அதற்குள் நான் எடுத்துவிடுவேன். இயக்குநர்கூட அதை நடிப்பு என்றே நினைத்தார்.

பிறகு ஆஸ்பத்திரி. தொண்டையில் குழாய், பேச்சு இல்லை. நான் போனதும் கட்டில் கம்பியில் விரலால் தட்டினாய். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. என்னைப் பாடச் சொல்கிறாய் என்று புரிந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்தார்கள். நர்ஸும் பார்த்தாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. நீ இன்னும் இரண்டு தட்டினாய். "அப்பறம் பாடறேன், நீ தூங்கு" என்று சொல்லிவிட்டேன். நீயும் கண்ணை மூடிக்கொண்டாய். மறுநாள் கேட்க நீ இல்லை.

இப்போது உன் வேடத்தில் வங்கியில் வேலை செய்யும் ஒரு பெண் நடிக்கிறாள். நல்ல குரல், நல்ல மாதிரி. அவள்மேல் ஒரு குறையும் இல்லை. நாலு தட்டு முடிந்ததும் என் முகத்தைப் பார்க்கிறாள். எனக்குப் பாட்டு வருவதில்லை. வீட்டில் எண்ணிப் பார்த்தேன், காலால் தட்டிப் பார்த்தேன், அவளே புதிதாகப் பதிந்து தந்ததையும் கேட்டுப் பழகினேன். ஆறாவதில்தான் வருகிறது. அடுத்த ஞாயிறு நாடகம். இன்றும் சரியாக வராவிட்டால் பாட்டையே நீக்கிவிடுவதாக இயக்குநர் முன்பே சொல்லியிருந்தார். வரவில்லை. நீக்கிவிட்டார். அந்த இடத்தில் நான் வசனம் பேசினால் போதுமாம். சரிங்க என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்ய முடியும் என்னால்?

திரும்பும் பஸ்ஸில் உன் பதிவைப் போட்டுக் காதில் வைத்தேன். கேள்வி வந்தது, மூடி தட்டியது, குக்கர் விசில் அடித்தது. ஆறாவது தட்டில் சரியாக எடுத்தேன். மனசுக்குள் இல்லை, வாய்விட்டு, முழுப் பாட்டையும். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்தினார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

அன்றைக்கு நீ கம்பியில் தட்டியபோது அந்த வார்டில் ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள்.