சிவப்பியின் சுகம்

லாச்சப்பல், பாரிஸ்
12.02.2011

அன்புள்ள மடுத்தீன் அண்ணைக்கு,

நான் சுகம். நான் பராமரிக்கும் நோராக் கிழவிக்கு எண்பத்தெட்டு வயது. அயர்லாந்தில் மாடு வளர்த்த குடும்பம். பள்ளிக்கூட அடுப்புக்குப் பிள்ளைகள் ஆளுக்கொரு காய்ந்த மண்கட்டி கொண்டுபோவார்களாம். அங்கே மண் எரியுமாம், அண்ணை! வெண்ணெய் கடையும்போது யார் வந்தாலும், பாதிரியாரே என்றாலும், ஒரு தரம் கடைந்துவிட்டுத்தான் போகவேண்டுமாம். இல்லாவிட்டால் வெண்ணெய் திரளாதாம்.

என் முதல் சம்பளத்தில் வாங்கிய பசு சிவப்பி, சண்டை இடப்பெயர்வில் நீங்கள் விட்டுவந்த பிறகும் தானாக வீடு திரும்பியதாக நீங்கள் எழுதியதை நோராவிடம் சொன்னேன். கையைத் தட்டினா. சிவப்பியின் சுகத்தையும் புதினங்களையும் விரிவாக எழுதுங்கோ. பிரெஞ்சில் வாசித்துக் காட்டவேண்டும்.

அன்புத் தங்கை
பேர்ளி

அடம்பன், மன்னார்
03.03.2011

அன்புத் தங்கச்சி,

சிவப்பிக்கு ஒரு குறையும் இல்லை. நாலு போத்தல் பால் தருகிறாள். கன்று பெட்டை நாகு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. உன் பேரைச் சொன்னால் காதை ஆட்டுகிறாள்.

அண்ணை
மடுத்தீன்

லாச்சப்பல்
29.03.2011

அண்ணை,

கடிதத்தை வாசித்தேன். நோரா சிரிக்கவில்லை. "உதைக்கேல்லையோ? உண்ணி பிடிக்கேல்லையோ? மாடு வச்சிருக்கிறவன் முறைப்பாடு இல்லாமல் கடிதம் எழுதமாட்டான், பிள்ளை" என்றா.

அவ பாரிசுக்கு வந்த பிறகு, அவவின் அப்பாவும் ஆறு வருசம் இப்படித்தான் மாட்டின் சுகத்தை எழுதினாராம். அவரின் செத்தவீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்ததாம், இவவின் கப்பல் காசுக்காக அப்போதே அதை விற்றுவிட்டார் என்று. வெறும் கொட்டிலில் நின்று, இதைத் தனியே சுமந்தாரே என்று குழறி அழுதாவாம்.

எங்கள் பட்டியும் வெறுமையோ, அண்ணை? உண்மையை எழுதுங்கோ.

பேர்ளி

அடம்பன்
20.04.2011

தங்கச்சி,

வெறுமைதான். இடம்பெயர்ந்து வெளிக்கிட்ட அன்று கயிற்றை அவிழ்த்துவிட்டேன். சிவப்பி எங்கள் ட்ரக்டருக்குப் பின்னால் பாலம் வரைக்கும் ஓடி வந்தாள். செல் குண்டு விழுந்துகொண்டிருந்தது. திரும்பிப் போகட்டும் என்று கல்லால் எறிந்தேன். பிறகு காணவில்லை. நீ உழைத்து வாங்கிய மாடு. எந்த வாயால் சொல்வேன்?

மடுத்தீன்

லாச்சப்பல்
06.05.2011

என் அண்ணை,

உங்களில் எனக்குத் துளியும் கோபம் இல்லை. வாசித்து முடிக்க முன்னமே அழுதுவிட்டேன். நோரா என் கையை விடவில்லை. ஒன்றுதான் கேட்டா: "கல்லு பட்டதோ?"

இப்போது அவ படுத்த படுக்கை. விடிந்தால் அதையேதான் கேட்கிறா. எழுதுங்கோ.

பேர்ளி

அடம்பன்
28.05.2011

பேர்ளி,

பட்டது. முன்னங்காலில். அப்போதுதான் நின்றாள்.

படவில்லை என்று கிழவியிடம் சொல்லு.

மடுத்தீன்