பிரிக்காத ஐந்து பாக்கெட்

ஜூலை 9, செவ்வாய்

அம்மாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. போன மாதம் பால் வெட்டப் போன இடத்தில், ரப்பர் காட்டுக்குள் பசியில் மயங்கி விழுந்தார். அதைக் கேட்ட அண்ணன், கொழும்பிலிருந்து மாதாமாதம் வரும் சத்துத் தின்பண்டப் பெட்டி ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டான். குரக்கன் என்கிற கேழ்வரகில் செய்த பிஸ்கட், வறுத்த கடலை; நாளுக்கு ஒரு பாக்கெட். ‘காலை பத்து மணிக்குச் சாப்பிடவும்’ என்று அட்டையில் இருக்கிறது. விலையைக் கேட்டதிலிருந்து, அந்தக் காசுக்கு அது பெறுமா என்றே யோசிக்கிறேன்.

இன்று அம்மாவின் பையைத் துழாவினேன். ஐந்து பாக்கெட் கிடந்தன. ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை.

“ஏம்மா, ருசியா இல்லையா?”

“பத்து மணிக்கு நான் வாளியோட மரம் மரமா ஓடுறேன்டி. கையெல்லாம் பாலு. பால் கட்டியாப் போனா, பெட்டிக்காரனா வந்து கங்காணிக்குப் பதில் சொல்லுவான்?”

பால் வாளியைக் கழுவ, பால் சேர்க்கும் ஸ்டோரில் குழாய் இருக்கிறது. பால் வெட்டுகிறவள் கை கழுவக் காட்டில் ஒன்றும் இல்லை. அட்டை எழுதியவனுக்கு இது தெரியாது. தோட்டத்தை நடத்தும் துரைக்குத் தெரியும்.

சாயங்காலம் அண்ணன் போன் எடுத்தான். “அடுத்த மாசமும் கட்டவா?”

“நல்லா இருக்குன்னு சொல்லு, பாவம்,” என்று அம்மா என் காதில் கிசுகிசுத்தார்.

“அம்மா பிரிக்கவே இல்லண்ணே. ரெண்டு நாள் பொறு, பாத்துட்டு சொல்றேன்,” என்றேன்.

நாளை பத்து மணிக்கு நானே காட்டுக்குப் போய், அம்மா பால் எடுக்க எடுக்கக் கடலையை வாயில் போடப் போகிறேன். மயக்கம் வராவிட்டால் பெட்டியில் குற்றமில்லை. பிறகு துரையிடம்தான் கேட்க வேண்டும், ஒரு மனுஷிக்குப் பத்து நிமிடம் ஏன் இல்லை என்று.