இரண்டும் வலப்பக்கம்

பதுளை. ஐப்பசி 9, புதன் இரவு.

இப்போதுதான் கத்தரியை எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஹாலிஎல தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைசாணி, செத்துப்போன தன் தாயாரின் சீனப் பட்டுச் சால்வையைக் கோட்டாகத் தைக்கச் சொல்லிக் கொடுத்திருந்தாள். சால்வை முழுக்கப் பூவும் பறவையுமாக ஊசிவேலை. சனிக்கிழமை கிளப் நடனத்துக்கு வேண்டுமாம்.

காலையில் வெட்டினேன். கோட்டின் முன்துண்டுகள் இரண்டையும் வலப்பக்கத்துக்கே வெட்டிவிட்டேன். இருபது வருஷம் கத்தரி பிடித்தவன் செய்கிற காரியமா இது? மிச்சத் துணியில் ஒரு காலர்கூடத் தேறாது. அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணி கொண்டுவந்த என் மனைவி மீனாட்சி மேல் எரிந்து விழுந்தேன்.

"நீ வந்து வந்து பேச்சுக் கொடுத்ததாலதான் இப்புடி ஆச்சு!"

அவள் காலையிலிருந்து வாயே திறக்கவில்லை. அது எனக்கும் தெரியும்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு துண்டை எடுத்துப் புரட்டினாள். "என்னங்க, இதுக்கு உள்பக்கமே இல்லையே. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பூ இருக்கு. ஒண்ணைத் திருப்பிப் போடுங்க, இடப்பக்கம் ஆயிரும்."

திருப்பிப் போட்டேன். ஆகிவிட்டது. எந்தப் பக்கமும் ஒரு முடிச்சுகூடத் தெரியவில்லை. சீனத்தில் அதைத் தைத்தவன் யாரோ, அவன் நன்றாக இருக்கட்டும்.

கோட்டு இப்போதைக்கு நூலோட்டித் தொங்குகிறது. அழகாகத்தான் இருக்கிறது. இனி நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் மீனாட்சியிடம் இன்னும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. உள்ளே வளையல் சத்தம் கேட்கிறது. அவளும் தூங்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு அவளிடம் போய்ச் சொல்கிறேன்.